பல மரம் கண்ட தச்சன்



பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது என்றதும் உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வி, "என்ன படிக்கப் போகிறான்?" என்பதுதான். மருத்துவம், சட்டம், கணக்கியல் என்று ஒரே சொல்லில் பதில் வந்தால் கேட்டவருக்கு நிம்மதி. "தரவு அறிவியலும் படிக்கிறான், வரலாறும் படிக்கிறான், கொஞ்சம் தத்துவமும் உண்டு" என்றால் முகம் சுருங்கும். கூடவே பழமொழியும் வந்துவிடும்: "பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்."

இந்தக் கவலையை நான் கிண்டல் செய்யமாட்டேன். ஒருவர் சம்பளத்தில் மூன்று, நான்கு ஆண்டுக் கட்டணத்தைச் சமாளிக்கும் குடும்பம், முடிவில் வேலை கிடைக்குமா என்று கேட்பதில் என்ன தவறு? ஆனால், பல துறைகளைச் சேர்த்துப் படிப்பது இன்று ஒரு சிலரின் விருப்பம் மட்டும் அல்ல. அதனால்தான் இதைப் பேச வேண்டியிருக்கிறது.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகமும் சேர்ந்து தொடங்கிய கல்லூரி உங்களுக்கு நினைவிருக்கும். 2013ல் 157 மாணவர்களுடன் அது தொடங்கியது. அறிவியல் மாணவரும் இலக்கியம் படிக்க வேண்டும், இலக்கிய மாணவரும் அறிவியல் படிக்க வேண்டும் என்பது அங்கே விதி. வளர்ந்த பிறகும் மொத்த மாணவர்கள் ஆயிரம் பேர் அளவில்தான் இருந்தார்கள். செலவும் அதிகம். 2021 ஆகஸ்ட் மாதம் அதை மூடும் முடிவு வெளியானது. கடைசி மாணவர்கள் 2025ல் பட்டம் பெற்றார்கள். முடிவைக் கேட்டு அங்கே படித்த பிள்ளைகள் மனம் நொந்தார்கள். அந்த வருத்தம் நியாயமானது.

கல்லூரி மூடப்பட்டாலும் அந்தக் கல்விமுறை மறைந்துவிடவில்லை. அதே 2021ல் தேசியப் பல்கலைக்கழகத்தின் மனிதவியல், அறிவியல் கல்லூரி முதல் மாணவர்களைச் சேர்த்தது. அங்கே எல்லாருக்கும் பொதுவாக 13 பாடங்கள். படிப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அது. இங்கே ஜூரோங்கில் இருக்கும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் அதே ஆண்டு வெவ்வேறு துறை மாணவர்கள் ஒன்றாக உட்கார்ந்து படிக்கும் பொதுப் பாடங்களைக் கொண்டுவந்தது. முன்பு சில நூறு பேருக்குக் கிடைத்தது இப்போது ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு வருகிறது.

ஏன் இந்த மாற்றம்? பதிலைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். நாம் கூடியிருக்கும் இந்த ஜூரோங்கையே பாருங்கள்.

1961ல் இங்கே தொழிற்பேட்டை வேலை தொடங்கியபோது இது சதுப்பு நிலமும் சிறு குன்றுகளுமாக இருந்தது. குன்றுகளை வெட்டிச் சதுப்பை நிரப்பினார்கள். அது பொறியியல். முதலீட்டாளர்களைத் தேடிப் பிடித்தார்கள். அது பொருளியல். தொழிற்சாலைகளும் வந்தன. ஆனால் வேலைக்கு வந்தவர்கள் இங்கேயே குடியேறத் தயங்கினார்கள். பொழுதுபோக்க என்ன இருக்கிறது, பிள்ளைகளை எங்கே கூட்டிப் போவது என்ற கேள்விக்குப் பொறியியல் புத்தகத்தில் விடை இல்லை. 1968ல் ஜூரோங் நகராண்மைக் கழகம் அமைந்தது. 1971ல் பறவைப் பூங்கா, 1973ல் ஜப்பானியத் தோட்டம், 1975ல் சீனத் தோட்டம் என்று வரிசையாக வந்தன. பறவைப் பூங்கா யோசனையைக் கொண்டுவந்தவர் யார் தெரியுமா? பொருளியல் படித்த நிதி அமைச்சர் கோ கெங் சுவீ. உலக வங்கிக் கூட்டத்துக்காக ரியோ டி ஜெனிரோ போனவர், அங்கே ஒரு பறவைக் கூடத்தைப் பார்த்துவிட்டு வந்து சொன்ன யோசனை அது. 2023ல் மண்டாய்க்கு இடம் மாறும்வரை நம் பிள்ளைகள் எல்லாரும் பள்ளிச் சுற்றுலா போன இடம்.

இன்னொன்று, நமக்கு இன்னும் நெருக்கமானது. 2020 ஏப்ரலில் கொவிட் கிருமித்தொற்று வெளிநாட்டு ஊழியர் விடுதிகளில் பரவியது. முதலில் தனிமைப்படுத்தப்பட்ட இரண்டு விடுதிகளில் ஒன்று ஜூரோங் ஈஸ்ட் பக்கத்தில் உள்ள தோ குவான் விடுதி. கிருமியை அறிந்தவர் மருத்துவர். ஆனால் ஓர் அறையில் எத்தனை படுக்கை என்பது கட்டட விஷயம், சட்ட விஷயமும்கூட. ஊருக்குப் பணம் அனுப்ப முடியாத தவிப்பு சமூகவியல். "அண்ணே, எங்கே வலிக்கிறது?" என்று கேட்டுப் பதிலைப் புரிந்துகொள்ளத் தமிழும் வங்காளமும் தெரிந்த தொண்டூழியர்கள் தேவைப்பட்டார்கள். பிரச்சினை வரும்போது, தான் எந்தத் துறை என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டு வருவதில்லை.

நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் ஊடகத் தொடர்பியல் பட்டயம் படித்தவன். கேமரா பிடிப்பதும், செய்தி எழுதுவதும், ஊடகச் சட்டமும் ஒரே நேர அட்டவணையில் இருந்தன. சட்ட வகுப்பு நமக்கு எதற்கு என்று நண்பர்கள் முணுமுணுப்பார்கள். நேரலையில் விருந்தினர் ஒருவர் திடீரென்று இன்னொருவர் பெயரைச் சொல்லிக் குற்றம் சாட்டத் தொடங்கும்போது அது எதற்கு என்று தெரியும்.

அப்படியானால் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் படித்தால் போதுமா? போதாது. தச்சன் பழமொழி எச்சரிப்பதும் இதைத்தான். அவன் பல மரம் பார்த்தது குற்றமல்ல. தனக்குச் செய்ய வேண்டியது கதவா, கட்டிலா என்று முடிவு செய்யாமல் காட்டுக்குள் போனதுதான் குறை. கட்டில் செய்யப் போகிறேன் என்று தெரிந்த தச்சனுக்குப் பல மரங்களைப் பார்ப்பது லாபம்.

13 பாடங்களையும் "எதில் சுலபமாக மதிப்பெண் வரும்" என்று பார்த்து முடித்துவிட்டால் அது பல துறைக் கல்வி ஆகாது. கட்டங்களை நிரப்பிய வேலைதான். மாணவர்களுக்கு நான் சொல்வது இது: ஒரு துறையில் ஆழமாக இறங்குங்கள். கூடவே ஒரு கேள்வியை உங்களுடையதாக வைத்துக்கொள்ளுங்கள். முதுமை அடையும் நம் குடியிருப்புப் பேட்டைகளைப் பற்றியதாக இருக்கலாம், கடல் மட்டம் உயர்வதைப் பற்றியதாக இருக்கலாம். அதை ஒவ்வொரு வகுப்பறைக்கும் எடுத்துப் போங்கள். புள்ளிவிவர வகுப்பு அதற்கு ஒரு பதில் சொல்லும், வரலாற்று வகுப்பு வேறு ஒன்று சொல்லும். இரண்டும் மோதும் இடத்தில்தான் சொந்தச் சிந்தனை பிறக்கும்.

அந்தப் பாடங்களில் தமிழுக்கும் ஓர் இடம் கொடுங்கள். தொடக்கக் கல்லூரித் தேர்வோடு தமிழை மூட்டை கட்டி வைத்துவிடுகிறோம். தமிழை முழுப் பட்டமாகப் படிக்கச் சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் வழி இருக்கிறது. பட்டமாகத்தான் படிக்க வேண்டும் என்பதும் இல்லை. தாதிமை படிப்பவருக்கும் கணினி படிப்பவருக்கும் தமிழ் வேலைக்கு ஆகும். தோ குவான் விடுதி வாசலில் அதைப் பார்த்தோம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். "இதைப் படித்தால் என்ன வேலை?" என்று கேளுங்கள், கேட்க வேண்டிய கேள்விதான். அதோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேளுங்கள்: "இந்த வாரம் இரண்டு வகுப்பில் கேட்டதில் எது ஒன்றோடொன்று ஒத்துப்போனது, எது ஒத்துப்போகவில்லை?" பிள்ளை யோசித்துப் பதில் சொன்னால் நீங்கள் கட்டிய கட்டணம் வீண்போகவில்லை. விழித்தால், கண்டிக்க வேண்டாம். உட்கார வைத்துப் பேசுங்கள். பட்டம் வாங்க இன்னும் காலம் இருக்கிறது.