வீங்கிய முழங்கால்

வீக்கம் என்றவுடன் அதனை ஒரு நோயாகவே நாம் எண்ணிவிடுகிறோம். உண்மையில் அது நோயன்று. உடல் தன்னைத் தானே செப்பனிட்டுக்கொள்ளும் பணியின் புறத்தோற்றம் எனலாம். பழுது பார்க்கப்படும் வீட்டின் வாயிலில் மணலும் செங்கல்லும் குவிந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவையின்றி வேலை நடவாது. வேலை முடிந்த பின்னும் அவை அங்கேயே கிடந்தால் வீட்டில் குடியிருக்கவும் இயலாது. வீக்கத்தின் நன்மையும் தீமையும் இத்தகையனவே. முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒருவருக்கு வீக்கம் ஏன் வருகிறது, எவ்வாறு வடிகிறது, அதனை வடியச் செய்வதில் அவருடைய பங்கு யாது என்பன பற்றி இன்று கூற விரும்புகிறேன்.

நான் மருத்துவன் அல்லன். கல்லூரியில் உடலியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். தேய்ந்துபோன என் வலது முழங்கால் மூட்டை மாற்றிச் செயற்கை மூட்டுப் பொருத்தினார்கள். பல ஆண்டுகளாகக் கரும்பலகையில் படமாக வரைந்து காட்டிய உண்மைகள் என் கால் ஒன்றிலேயே நிகழக் கண்டேன். அதனால்தான் இப்பொருளைப் பற்றிப் பேசத் துணிந்தேன்.

வீக்கத்தைப் பற்றிய ஆராய்ச்சி மிகப் பழையது. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த செல்சஸ் என்ற ரோமானிய அறிஞர், அழற்சிக்கு நான்கு அடையாளங்களைக் கூறினார்: சிவப்பு, வீக்கம், வெப்பம், வலி. கத்தி பட்ட இடத்தில் இந்நான்கும் தோன்றுவது இயல்பு. காயம் பட்டவுடன் அங்குள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிகின்றன. அவற்றின் சுவர்கள் நெகிழ்ந்து இடைவெளி விடுகின்றன. இரத்தத்தின் நீர்ப்பகுதியும், அதனுடன் புரதங்களும் வெள்ளணுக்களும் வெளியே கசிகின்றன. கிருமிகளை எதிர்க்கவும் சிதைந்தவற்றை அகற்றவும் வரும் படை இது.

கசிந்த நீர் எவ்வாறு திரும்புகிறது? 1896ஆம் ஆண்டில் எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்ற ஆங்கில உடலியல் அறிஞர் இதற்கு வழிகாட்டினார். 'ஹார்மோன்' என்ற சொல்லை 1905இல் வழங்கியவரும் அவரே. நுண்குழாயின் உள்ளே உள்ள இரத்த அழுத்தம் நீரை வெளியே தள்ளுகிறது. இரத்தத்திலுள்ள புரதங்கள் அதனை உள்ளே இழுக்கின்றன. இவ்விரண்டிற்கும் இடையே நடக்கும் இழுபறியே நீர் கசியும் அளவை முடிவு செய்கிறது. எஞ்சிய நீரையும், வெளியே சென்றுவிட்ட புரதங்களையும் அள்ளிச் செல்பவை நிணநீர்க் குழாய்கள். இரத்தத்தைச் செலுத்த இதயம் இருப்பதுபோல் நிணநீருக்குத் தனியே ஓர் இதயம் இல்லை. அக்குழாய்கள் தாமே மெல்லச் சுருங்குவதும், சுற்றியுள்ள தசைகள் அவற்றைப் பிழிந்துவிடுவதுமே அதனை மேலே ஏற்றுகின்றன. இந்த ஓர் உண்மையை நினைவில் வைத்துக்கொண்டால், பின்னர் நான் கூறப்போகும் முறைகள் அனைத்தும் எளிதில் விளங்கும்.

இனி முழங்காலுக்கு வருவோம். நலமான முழங்கால் மூட்டினுள் இருக்கும் நீர் ஒரு தேக்கரண்டி அளவுக்கும் குறைவு. எலும்பும் குருத்தெலும்பும் உராயாமல் காப்பதற்கு அதுவே போதுமானது. அறுவைக்குப் பின் அதே அறையில் இரத்தமும் நீரும் பன்மடங்காகச் சேர்கின்றன. அதனால் விளையும் பெருந்தீங்கு வலி என்றே பலர் எண்ணுவர். வலியைக் காட்டிலும் பெரிய தீங்கு ஒன்று உண்டு.

அறுவைக்கு மறுநாள் காலையில் உடற்பயிற்சி மருத்துவத்தில் தேர்ந்த இளம்பெண் ஒருவர் என் கட்டிலருகே வந்தார். “ஐயா, முழங்காலைக் கட்டிலின்மீது அழுத்தித் தொடைத்தசையை இறுக்குங்கள்” என்றார். நான் இறுக்கினேன், இறுக்கியதாகவே எண்ணினேன். தொடையில் கை வைத்துப் பார்த்தபொழுது அங்கு ஓர் அசைவும் இல்லை. மனம் ஆணையிட்டது, தசை கேட்கவில்லை. “வலிக்கிறதா?” என்றார். அவ்வளவாக வலிக்கவில்லை. எனினும் அத்தசை என்னுடையதன்று என்பதுபோல் கிடந்தது. இனி நடப்போமா என்ற அச்சம் எனக்கு அப்பொழுதுதான் முதன்முதலாக உண்டாயிற்று.

இதன் காரணம் ஆராய்ச்சிகளால் தெளிவாகியுள்ளது. மூட்டு நீரால் விரிவடைந்தால் தொடைத்தசை அனிச்சையாகவே அடக்கப்படுகிறது என்பதை டி ஆண்ட்ராடே என்பாரும் அவர்தம் துணைவரும் 1965ஆம் ஆண்டில் விளக்கினர். 1984இல் ஸ்பென்சர் முதலியோர் நலமான முழங்கால்களில் உப்புநீரைச் செலுத்தி அளந்து பார்த்தனர். 20 முதல் 30 மில்லிலிட்டர் நீர் சேர்ந்தவுடனேயே தொடையின் உட்புறத் தசை தளர்ந்தது. நான்கு முதல் ஆறு தேக்கரண்டி நீர்தான் அது! மூட்டின் உறையிலுள்ள நரம்பு முனைகள் அந்த விரிவை உணர்ந்து தண்டுவடத்திற்குச் செய்தி அனுப்புகின்றன. தண்டுவடம் தசைக்குரிய நரம்புகளை வாய்மூடச் செய்துவிடுகிறது. மூட்டு மாற்றிய முதல் திங்களில் தொடைத்தசை தன் வலிமையில் பாதிக்கும் மேல் இழப்பது அரிதன்று.

இங்கே ஒரு சுழல் அமைவதைக் கவனியுங்கள். வீக்கம் தசையை அடக்குகிறது. தசை அசையாவிடில் நிணநீரைப் பிழிந்து மேலே ஏற்றுவார் இல்லை. ஆகவே வீக்கம் வடிவதில்லை. “வீக்கம் வடியட்டும், அதன்பின் காலை அசைக்கலாம்” என்று அன்புடையோர் கூறும் அறிவுரை, “நீந்தக் கற்றபின் நீரில் இறங்கலாம்” என்பதைப் போன்றது. சுழலை எங்கேனும் ஓரிடத்தில் அறுக்க வேண்டும். அதற்கு வழிகள் நான்கு.

முதலாவது, காலை உயர்த்தி வைத்தல். நாம் அசையாமல் நிற்கும்பொழுது பாதத்துச் சிரைகளில் அழுத்தம் சுமார் 90 மில்லிமீட்டர் பாதரச அளவு இருக்கும். அவ்வளவு அழுத்தத்தில் நீர் மேலும் கசியுமேயன்றி வடியாது. ஆகவே, படுத்த நிலையில் கால் இதயத்தின் மட்டத்திற்கு மேல் இருத்தல் வேண்டும். நாற்காலியில் அமர்ந்து பாதத்தைச் சிறு முக்காலியில் வைப்பது போதாது. தலையணையைக் குதிகாலுக்கும் கெண்டைக்காலுக்கும் அடியில் வைக்கவேண்டும். முழங்காலுக்கு நேர் கீழே வைத்தலாகாது. நீர் நிறைந்த மூட்டு ஏறத்தாழ 30 பாகை மடங்கியிருக்கையில்தான் சுகமாக இருக்கும். அந்நிலையில் உட்புற அழுத்தம் மிகக் குறைவு. அச்சுகத்தை நம்பி நாள் முழுதும் மடக்கியே வைத்திருப்பவரின் கால் முற்றிலும் நிமிராமல் போய்விடக்கூடும். அவர் பின்னர் நொண்டியே நடக்க நேரும்.

இரண்டாவது, குளிர்ச்சி. பனிக்கட்டியைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வரை வைத்து எடுக்கவேண்டும். நேரே தோலின்மீது வைத்தால் தோலும், முழங்காலின் வெளிப்புறத்தில் ஓடும் நரம்பும் ஊறுபடும். கேப் மிர்கின் என்ற அமெரிக்க மருத்துவர், ஓய்வு, பனிக்கட்டி, கட்டு, உயர்த்துதல் என்ற நால்வகை முறையை 1978இல் தம் நூலில் எழுதிப் புகழ்பெற்றார். அவரே 2014இல், பனிக்கட்டியும் முழு ஓய்வும் குணமடைவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று எழுதினார். தாம் புகழ் பெற்ற கருத்தையே மறுத்துரைக்கும் துணிவு அறிவியலாளருக்கு அணிகலன் அன்றோ? இன்றும் அறுவைக்குப் பின் பனிக்கட்டி வைக்கிறார்கள்; வலியைத் தணித்து, அதனால் அசைவுக்கு இடந்தருவதே அதன் சிறந்த பயன்.

மூன்றாவது, கட்டு. அளவான இறுக்கத்துடன் கட்டினால், வெளியேயுள்ள அழுத்தம் நீர் மேலும் கசிவதைத் தடுக்கும். விரல்கள் மரத்துப்போனாலோ நீலம் பாய்ந்தாலோ உடனே தளர்த்தவேண்டும்.

நான்காவது, அசைவு. இதுவே தலையாயது. பாதத்தை மேலும் கீழும் அசைத்தால் கெண்டைக்கால் தசை சுருங்கிச் சிரைகளைப் பிழியும். நடக்கும்பொழுது முன்னர்க் கூறிய 90 என்ற அழுத்தம் 30க்கும் கீழே இறங்கிவிடும். நான் விழித்திருந்த ஒவ்வொரு மணியிலும் இருபது முறை பாதத்தை அசைத்தேன். பத்து முறை தொடையை இறுக்க முயன்றேன். ஐந்து நாள் தொடையில் மறுமொழி இல்லை. ஆறாம் நாள் முழங்கால் சில்லு ஒரு நூலிழை மேலே நகர்ந்தது. அதனைக் கண்ட மகிழ்ச்சி தேர்வில் பெற்ற எந்த வெற்றிக்கும் குறைந்ததன்று.

எனினும் அசைவிலும் அளவு வேண்டும். நன்றாக இருக்கிறதென்று ஒருநாள் மிகுதியாக நடந்தால், அன்று மாலையே முழங்கால் பருத்துவிடும். தையல்காரரின் நாடாவால் நாள்தோறும் சில்லின் நடுவே சுற்றளவை அளந்து குறித்து வந்தேன். மூன்றாம் நாளில் 42 சென்டிமீட்டர். மூன்று வாரத்தில் 39. அளவு ஏறிய நாளில் நடையைக் குறைத்தேன். இறங்கிய நாளில் கூட்டினேன்.

எண்ணெய் தேய்த்து உருவுதல், வெந்நீர் ஒத்தடம் ஆகியவற்றை இந்நிலையில் மருத்துவரைக் கேளாமல் செய்தலாகாது. வெப்பம் குழாய்களை விரித்து வீக்கத்தை வளர்க்கும். சிரைக்குள் இரத்தம் உறைந்திருப்பின், உருவுவதால் அக்கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைக்கவும் கூடும். கெண்டைக்கால் மட்டும் வலித்துப் பருத்தல், மூச்சுத் திணறல், மார்பு வலி, காய்ச்சல், பரவும் சிவப்பு, புண்ணிலிருந்து நீர் வடிதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். இவை இல்லாத வீக்கம் கணுக்கால் வரை இறங்கி வந்தாலும் அஞ்சவேண்டுவதில்லை. நீர் பள்ளத்தை நாடுவது இயற்கையே. மூட்டு மாற்றியவர்க்கு வீக்கமும் இளஞ்சூடும் மூன்று முதல் ஆறு திங்கள் வரை சிறிது சிறிதாக நீடிப்பதுண்டு.

இளைஞர்களாகிய உங்கள் முழங்கால்கள் இன்று வலிமையுடன் இருக்கலாம். ஆயினும் வீட்டில் பாட்டியோ தாத்தாவோ இச்சிகிச்சை பெற்றுத் திரும்பினால், “பாவம், படுத்திருக்கட்டும்” என்று விட்டுவிடாதீர்கள். குதிகாலின் அடியில் தலையணையைத் திருத்தி வையுங்கள். அருகில் அமர்ந்து பாதம் அசைவதை எண்ணுங்கள். நாடாவால் அளந்து நாட்குறிப்பில் எழுதுங்கள். மூட்டைப் பொருத்துவது மருத்துவரின் கைத்திறன்; அதனை நடக்கச் செய்வது ஒரு மணிக்கு இருபது முறை செய்யும் அந்தச் சிறு அசைவே.