அறைக்குள் காவல்காரர்

வீட்டுக் காவல்காரரை அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டால்? திருடனுக்குக் கொண்டாட்டம்தான்!

சில புற்றுநோய்களில் இதுதான் நடக்கிறது. செல் தறிகெட்டுப் பெருகாமல் தடுக்கும் மரபணுக்கள் நம் டிஎன்ஏவில் உண்டு. அவற்றின் தொடக்கப் பகுதியில் மீத்தைல் என்ற சின்ன வேதித்துணுக்குகள் ஒட்டிக்கொண்டால், அந்த மரபணு வாயடைத்துப்போகும். டிஎன்ஏவின் எழுத்து ஒன்றுகூட மாறியிருக்காது. செல்லால் படிக்கத்தான் முடியாது.

எழுத்தே அழிந்தால் திருத்துவது கஷ்டம். பூட்டென்றால் திறக்கலாமே? அசாசைட்டிடின் என்றொரு மருந்து, 1960களில் செக்கோஸ்லோவாக்கியாவில் உருவானது. செல்லைக் கொல்லும் நஞ்சாகத்தான் முதலில் பார்த்தார்கள். அது மீத்தைல் ஒட்டுவதைத் தடுக்கிறது என்று 1980இல் ஆய்வாளர்கள் பீட்டர் ஜோன்ஸும் ஷெர்லி டெய்லரும் காட்டினார்கள். 2004இல் எலும்பு மஜ்ஜைக் கோளாறு ஒன்றுக்கு அமெரிக்கா அதை அனுமதித்தது. வேடிக்கை என்னவென்றால், அதிக அளவில் உடம்பு தாங்காத அதே மருந்து, அளவைக் குறைத்த பிறகுதான் கைகொடுத்தது.