பக்கத்து வீட்டு மரக்கிளையை நாம வெட்டலாமா?

மழைக்காலம் நெருங்கினாலே ஊர்ல அரிவாளும் ஏணியும் வெளியே வந்துடும். இன்னைக்கு எபிசோடுல ஒரே கேள்விதான்: கிளை நம்ம பக்கம் வந்துடுச்சு, வெட்டலாமா? சென்னையை வச்சே பேசுவோம்.

முதல்ல பார்க்க வேண்டியது அடிமரத்தை. அது யார் நிலத்துல நிக்குதோ, மரம் அவங்களுது.

பக்கத்து வீட்டு மாமரம்னு வைங்க. நம்ம மதில் தாண்டி வந்த பகுதியை, மதில் வரைக்கும் நாமே வெட்டலாம். 1894-ல இங்கிலாந்துல லெம்மனுக்கும் வெப்புக்கும் நடந்த வழக்குல வந்த தீர்ப்பு இது. முன்கூட்டிச் சொல்லணும்கிற கட்டாயம்கூட இல்லைன்னாங்க. நம்ம நாட்டு நீதிமன்றங்களும் இதை எடுத்துக்காட்டியிருக்கு. ஆனா அவங்க இடத்துக்குள்ள கால் வைக்கக் கூடாது. வெட்டின கிளையும் அதுல இருக்கிற மாங்காயும் அவங்களுக்குத்தான் சொந்தம். சட்டம் கேக்காட்டியும் ஒரு வார்த்தை சொல்லிட்டு வெட்டுங்க. நாளைக்கும் அதே மதிலுக்கு இந்தப் பக்கம்தானே இருக்கப் போறோம்!

தெருவோர மரம் வேற கதை. கன்னு வச்சது உங்க தாத்தாவா இருக்கலாம். நடைபாதையில நின்னா அது பொதுச்சொத்து. கிளை பால்கனியை இடிச்சா மாநகராட்சியோட 1913-க்கு போன் பண்ணுங்க. மின்கம்பியில உரசினா தொடவே தொடாதீங்க. மின்வாரியத்தோட மின்னகத்தைக் கூப்பிடுங்க, 94987 94987. அரசு நிலத்து மரத்தை அடியோட வெட்டணும்னா மாவட்டப் பசுமைக் குழுவோட அனுமதி வேணும்.

'ஒரு கிளைக்கு இவ்வளவு ரூல்ஸா?'ன்னு தோணலாம். 2016 டிசம்பர்ல வர்தா புயல்ல சென்னையில ஆயிரக்கணக்கான மரங்கள் சாஞ்சுது. அந்தப் பயத்துல மரத்தை மொட்டையடிச்சுடுறோம். ஆனா ஒரு பக்கம் மட்டும் கழிச்சா, எடை முழுக்க மறுபக்கம் போயிடும். உச்சியை வெட்டினா அந்த இடம் அழுகும். அங்கிருந்து கிளம்புற புதுக்கிளை பிடிப்பில்லாம ஒடியும். பாதுகாப்புக்குன்னு வெட்டினதே ஆபத்தாயிடும்.

அதனால ஆள் வந்து வெட்டும்போது தள்ளி நின்னு கவனிங்க. கிளை அடிமரத்தோட சேர்ற இடத்துல ஒரு தடிப்பு இருக்கும். அதை விட்டுட்டு, அதுக்கு வெளியே வெட்டணும். காயம் மூடுறது அந்தத் தடிப்பாலதான். பெரிய கிளைன்னா முதல்ல அடிப்பக்கம் கொஞ்சம் அறுக்கணும். இல்லேன்னா விழும்போது பட்டையையும் உரிச்சுக்கிட்டுப் போகும். "அண்ணே, இப்படி வெட்டுங்க"ன்னு சொல்றதுக்கு யார் அனுமதியும் வேணாம்.