அளவறிந்து உண்போம், இருவரும் சேர்ந்து உண்போம்

(தேவதானத்தில் தம்பதியர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



உங்கள் ஊர்ச் சாமியின் பெயர் நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி. நஞ்சு தோய்ந்த ஆடையால் பாண்டியனுக்கு வரவிருந்த ஆபத்தை அவர் தவிர்த்தார் என்று பெரியவர்கள் கதை சொல்வார்கள். அது வெளியிலிருந்து வந்த நஞ்சு. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்கிறோமே, அந்த நஞ்சு நம் வீட்டு அடுப்பிலிருந்தே வருகிறது. அதைத் தவிர்க்க வேண்டியவர்கள் நாம்தான். இன்று அதைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் இந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மருத்துவ முகாம். கணவனும் மனைவியும் சேர்ந்து வந்திருந்தார்கள். அவருக்கு வயது நாற்பத்திரண்டு. வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை 168 இருந்தது. அந்த அம்மாவுக்கு முப்பத்தேழு. ஹீமோகுளோபின் எட்டரைதான். குறைந்தது 12 இருக்க வேண்டும்.

"அண்ணாச்சி, நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டேன்.

"சோறும் குழம்பும்தான் ஐயா. மூணு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். வேலை பாக்குற உடம்பில்லா?"

"நீங்க என்னம்மா சாப்பிட்டீங்க?"

அந்த அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்: "அவுக சாப்பிட்டு, பிள்ளைக சாப்பிட்டு, சட்டியில என்ன இருக்கோ அதுதான் ஐயா. குழம்பு மிஞ்சினா குழம்பு. இல்லாட்டி மோரை ஊத்தி, ஊறுகாயைத் தொட்டுக்கிடுவேன்."

ஒரே அடுப்பு, ஒரே பானை. அதில் ஒருவருக்கு மிகுதியால் கேடு, மற்றவருக்குக் குறைவால் கேடு. இது அந்த ஒரு வீட்டுக் கதை மட்டும் அல்ல. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்தச்சோகை. அதே பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேர் அளவுக்கு மீறிய எடை. ஆண்களிலும் மூன்றில் ஒருவருக்கு மேல் அப்படித்தான். உடம்பு பருத்திருக்கிறது, இரத்தம் குறைந்திருக்கிறது. வயிறு நிறைந்தாலும் சத்து சேரவில்லை என்பதுதான் இதற்குப் பொருள்.

ஆகவே, அளவு என்றால் குறைப்பது மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். மிகுந்ததைக் குறைக்க வேண்டும், குறைந்ததை நிறைக்க வேண்டும். இரண்டும் சேர்ந்ததுதான் அளவு.

முதலில் சோற்றை எடுத்துக்கொள்வோம். "எங்க தாத்தா கும்பாச் சோறு சாப்பிட்டாரே, அவருக்குச் சர்க்கரை வந்துச்சா?" என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். தாத்தா கமலை இறைத்தார், ஏர் பிடித்தார், சந்தைக்கு நடந்தே போனார். தின்ற சோறு வேர்வையாய்ப் போயிற்று. இன்று பம்புசெட்டு தண்ணீர் இறைக்கிறது, டிராக்டர் உழுகிறது, கடைத்தெருவுக்குப் போக வண்டி இருக்கிறது. வேலை குறைந்துவிட்டது, சோறு குறையவில்லை. தாத்தா கம்பங்கஞ்சியும் கேழ்வரகுக் களியும் குதிரைவாலிச் சோறும் சாப்பிட்டார். நமக்கோ மூன்று வேளையும் தீட்டிய வெள்ளை அரிசி. காலையில் இட்லி, மதியம் சோறு, இரவில் தோசை என்று பெயர் மாறினாலும் எல்லாம் அரிசிதான்.

சர்க்கரை வந்ததும் சிலர் சப்பாத்திக்கு மாறி, ஆறு, ஏழு என்று அடுக்குகிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2025இல் வந்தது. நாம் உணவில் பெறும் சக்தியில் நூற்றுக்கு 62 பங்கு மாவுச்சத்திலிருந்தே வருகிறதாம். அரிசிக்குப் பதில் கோதுமை மாவோ சிறுதானிய மாவோ மாற்றினால் மட்டும் போதாது, மொத்த மாவுச்சத்தைக் கொஞ்சம் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, பயறு, பால், முட்டை, மீன் போன்றவற்றைச் சேர்த்தால்தான் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு குறைகிறது என்று அதில் கண்டார்கள். தானியத்தை மாற்றினாலும் அளவை மாற்றாவிட்டால் பயன் இல்லை.

சரி, அளவு எது? தராசு வேண்டாம், தட்டே போதும். தட்டில் பாதி இடம் காய்க்கும் கீரைக்கும். மீதிப் பாதியில் ஒரு பங்கு சோறு, ஒரு பங்கு பருப்போ பயறோ முட்டையோ மீனோ. முதலில் கூட்டையும் பொரியலையும் வையுங்கள், சோற்றைக் கடைசியில் வையுங்கள். இரண்டாம் தடவை வாங்குவதாக இருந்தால் காயை வாங்குங்கள். நாற்று நடுகிறவர், மூட்டை தூக்குகிறவர், தென்னை ஏறுகிறவர் இவர்களுக்குச் சோறு கூடுதலாகத்தான் வேண்டும். ஆனால் வேலை இல்லாத நாளிலும் அதே அளவு வேண்டுமா என்று அவர்களும் யோசிக்க வேண்டும்.

உப்பு, எண்ணெய், சர்க்கரை மூன்றுக்கும் மாதக் கணக்குப் பாருங்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்பு, அதாவது ஒரு சிறு தேக்கரண்டி போதும். நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 600 கிராம். ஒரு கிலோ உப்புப் பாக்கெட் ஒன்றரை மாதம் வர வேண்டும். மாதத்துக்குள் தீர்ந்துபோனால் கை கூடுகிறது என்று அர்த்தம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, வடகம், மிக்சர் இவற்றில் உள்ள உப்பு இந்தக் கணக்குக்கு வெளியே ஒளிந்திருக்கிறது, அதையும் மறக்க வேண்டாம். உப்பு மிகுந்தால் இரத்தக் கொதிப்பு கூடும்.

எண்ணெய் ஒருவருக்கு மாதம் அரை முதல் முக்கால் லிட்டருக்குள் இருக்கட்டும். விருதுநகர் எண்ணெய் பரோட்டா ருசியானதுதான், என்றைக்கோ ஒரு நாள் ஆசைக்குச் சாப்பிடலாம். வாரத்தில் நாலு ராத்திரி பரோட்டா என்றால் உடம்பு தாங்காது.

காபி, டீக்குப் போடும் சீனியைக் கவனியுங்கள். இரண்டு கரண்டி வீதம் ஐந்து டீ குடித்தால் பத்துக் கரண்டி சீனி. ஐந்து கரண்டிக்குள் நிற்பது நல்லது. கருப்பட்டியும் வெல்லமும் சர்க்கரையைக் கூட்டத்தான் செய்யும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம், நம் பக்கத்துப் பெருமை. வாங்கினால் கால் கிலோ வாங்கி, வீட்டில் உள்ள எல்லாரும் பகிர்ந்து, ஆளுக்கு ஒரு கரண்டி சாப்பிடுங்கள். சப்பட்டை மாம்பழமும் அப்படியே. கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காரக் கூடாது.

இனி, தாய்மார்கள் தட்டுக்கு வருவோம். 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கு முட்டை கிடைக்கிறது. வீட்டில் முட்டை அவித்தால் அது வீட்டுக்காரருக்கும் மகனுக்கும் போகிறது. சமைத்த அம்மாவுக்குக் கிடைப்பதில்லை. மாதந்தோறும் இரத்தம் போகிற உடம்பு, பிள்ளை சுமக்கிற உடம்பு அவருடையது. அவருக்கல்லவா முதலில் வேண்டும்?

இன்னொரு பழக்கமும் உண்டு. காலையில் ஒரு டீயோடு வேலை. பதினொரு மணிக்குப் பசி தாங்காமல் பழைய சோறு. பிள்ளை மிச்சம் வைத்ததை "வீணாப் போகுதே" என்று வாயில் போட்டுக்கொள்வது. ராத்திரி பத்து மணிக்கு வெறும் சோறு, ரசம். இதனால்தான் உடம்பு பருத்தும் இரத்தம் குறைந்தும் போகிறது. உங்கள் வயிறு குப்பைத்தொட்டி அல்ல, தாயே. பிள்ளைக்கு முதலிலேயே கொஞ்சமாக வையுங்கள், கேட்டால் மறுபடி வைக்கலாம். சாப்பிட்டவுடன் டீ குடிக்காதீர்கள். சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதை அது தடுக்கும். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். முருங்கைக் கீரை, பயறு, நிலக்கடலை இவற்றோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும்.

கர்ப்பிணிகள் விஷயத்தில் இரண்டு தவறான யோசனை சொல்கிறார்கள். ஒன்று, "ரெண்டு உசிருக்குச் சாப்பிடணும்" என்று இரட்டிப்பாகச் சோறு வைப்பது. இன்னொன்று, பிள்ளை பெரிதானால் பிரசவம் கஷ்டம் என்று சாப்பாட்டைக் குறைப்பது. இரண்டும் வேண்டாம். நாலாம் மாதத்திலிருந்து வழக்கமான சாப்பாட்டோடு ஒரு டம்ளர் பால், ஒரு கைப்பிடி நிலக்கடலை, ஒரு வாழைப்பழம் இவ்வளவு கூடினால் ஏறக்குறையப் போதும். கூடவே சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும். குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை பார்ப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. பயப்பட வேண்டாம், ஆனால் அலட்சியமும் வேண்டாம். பிள்ளை பெற்ற பின் பத்தியம் என்று காயையும் பருப்பையும் நிறுத்திவிட்டு வெறும் ரசச் சோறு கொடுப்பதும் தவறு. பால் கொடுக்கும் தாய்க்குக் கர்ப்ப காலத்தைவிடவும் கூடுதல் சாப்பாடு தேவை.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் என் பேச்சைக் கேட்டு வேளைச் சாப்பாட்டைத் தவிர்த்துவிடாதீர்கள், மயக்கம் வரும். விரதம் இருப்பதாக இருந்தாலும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். முப்பது வயது தாண்டிய எல்லாரும் ஆண்டுக்கு ஒரு முறையாவது இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். "எனக்கு ஒண்ணுமில்ல" என்று திருப்பி அனுப்பாதீர்கள்.

முதலில் சொன்ன தம்பதி என்ன ஆனார்கள் என்று கேட்பீர்கள். அவர்களிடம் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டேன்: "ராத்திரி ஏழரை மணிக்கு ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல உக்காந்து சாப்பிடுங்க. ரெண்டு தட்டும் ஒரே மாதிரி இருக்கட்டும்." அண்ணாச்சிக்கு முதலில் கூச்சமாக இருந்ததாம். அப்புறம் ஒரு நாள், தன் தட்டில் முட்டை இருந்தது, மனைவியின் தட்டில் இல்லை என்பது கண்ணில் பட்டது. "இத்தனை வருசமா நான் பாத்ததே இல்ல ஐயா" என்று என்னிடம் சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது. மூன்று மாதம் கழித்து வந்தார்கள். மாத்திரையும் விடவில்லை, மாலை நடையும் விடவில்லை. அவருக்குச் சர்க்கரை 130க்கு வந்திருந்தது. அந்த அம்மாவுக்கு இரத்தம் பத்தைத் தாண்டியிருந்தது. இன்னும் போக வேண்டிய தூரம் உண்டு, ஆனாலும் நல்ல வழியில் திரும்பிவிட்டார்கள்.

கணவன் தனியாக அளவைக் காக்க முடியாது, சமைப்பவர் மனைவி. மனைவியும் தனியாக முடியாது, காய்கறி வாங்கக் காசு வேண்டும், கூட உட்கார ஆள் வேண்டும். ஆகவே இன்று இரவே இருவரும் பேசி, இவற்றைக் கடைப்பிடியுங்கள்:

1. இருவரும் ஒரே நேரத்தில், ஒரே மாதிரித் தட்டில் சாப்பிடுங்கள்.
2. தட்டில் பாதி காயும் கீரையும். சோறு கால் பங்கு.
3. தினமும் பருப்பு, பயறு, முட்டை, மீன் இவற்றில் ஒன்றாவது இருவருக்கும் இருக்கட்டும்.
4. உப்பு, எண்ணெய், சீனி வாங்கிய தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.
5. தாய் கடைசியில் மிச்சத்தைச் சாப்பிடும் வழக்கம் இன்றோடு ஒழியட்டும்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் இதைப் பார்த்துத்தான் சாப்பிடக் கற்றுக்கொள்வார்கள்.