வெள்ளம் வடிந்த பின் வரும் செலவு

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



உவர்மலை என்று நம் பெரியவர்கள் சொல்லும் இந்த ஓர்ஸ் ஹில்லில் நடமாடியவர்களுக்கு வெள்ளம் என்பது கீழே நடக்கும் விடயம். ஆனால் நம் வகுப்பறைகள் அதை அறிந்திருந்தன. கடல் கொந்தளித்து லோஞ்ச் ஓடாத நாட்களில் மூதூர்ப் பிள்ளைகளின் கதிரைகள் வெறுமையாகக் கிடந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. மலைநாட்டில் கொட்டிய மழை மகாவலியோடு இறங்கிக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. மாவிலாற்று அணைக்கட்டு உடைந்தது. மூதூர், வெருகல் பக்கத்து மக்கள் உடுத்த உடுப்போடு வெளியேறினார்கள். உயர்தரப் பரீட்சை இடையில் நின்று, 2026 ஜனவரியில்தான் தொடர்ந்தது. அந்தக் கிழமைகளில் நாம் எல்லோரும் கொடுத்தோம். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் பணம் வந்தது. உலருணவும் பாயும் பால்மாவும் போய்ச் சேர்ந்தன. பிறகு தைப்பொங்கல் வந்தது. நாம் நம் வேலைகளுக்குத் திரும்பினோம்.

உண்மையான செலவு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அதைச் சொல்லவே இந்தச் சில நிமிடங்களைக் கேட்டோம்.

டித்வாவால் நாட்டுக்கு ஏற்பட்ட நேரடிச் சேதம் ஏறக்குறைய 410 கோடி அமெரிக்க டொலர் என உலக வங்கி மதிப்பிட்டது. அது வீடு, வீதி, பாலம், பயிர் போன்றவற்றின் சேதம் மட்டுமே. இழந்த கூலியும் வருமானமும் அதில் இல்லை. மீளக் கட்டும் முழுச் செலவும் இல்லை. சேதம் வேறு, மீளும் செலவு வேறு. 2004 சுனாமிக்குப் பின் செய்த மதிப்பீட்டிலும் இதைக் கண்டோம். சேதம் சுமார் 100 கோடி டொலர். மீளத் தேவைப்பட்டதோ சுமார் 150 கோடி. விழுந்த வீட்டை அதே இடத்தில் அதே மாதிரிக் கட்ட முடியாது. மேட்டுக் காணி வேண்டும், உறுதியான அத்திவாரம் வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் கட்டும்போது சீமெந்தும் மேசன் கூலியும் ஏறிவிடும். அன்று முழுமையாக உடைந்த வீட்டுக்கு அரசு தந்த இரண்டரை இலட்சம் ரூபா நான்கு தவணையாக வந்தது. ஒரு தவணைக்கும் மறு தவணைக்கும் இடையில் சுவர் பாதியில் நின்றது.

இம்முறை வீட்டைத் துப்புரவு செய்ய 25,000 ரூபா, வீட்டுப் பொருட்களுக்கு 50,000 ரூபா, முற்றாக அழிந்த வீட்டுக்கு 50 இலட்சம் வரை என அரசு அறிவித்தது. முன்னைய தொகைகளை விட இது பெரிது. அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் ஒரு குடும்பத்தின் கணக்கைப் பாருங்கள். கிணறு இறைத்துக் குளோரின் இட வேண்டும். பெரும்போகத்துக்கு விதைத்தது அழுகிவிட்டால் விதையும் உழவுகூலியும் இரண்டாம் முறை. பிள்ளையின் சப்பாத்து, கொப்பி. பிரதேச செயலகத்துக்கு நாலு தரம் பஸ் செலவு; போகும் ஒவ்வொரு நாளும் கூலி இல்லை.

வைத்தியர்களாகிய நாம் இந்தக் கணக்கின் கடைசிப் பக்கத்தைப் பார்க்கிறோம். அரச வைத்தியசாலையில் மருந்து இலவசம். அதை எடுக்க வருவது இலவசமில்லை. கிளினிக் கொப்பி வெள்ளத்தில் போனவர், மூக்குக்கண்ணாடி போனவர், சீனி வருத்தக் குளிசையை நாள் விட்டு நாள் போட்டு மிச்சம் பிடிப்பவர் என எல்லோரும் மூன்றாம் நான்காம் மாதத்தில்தான் வருகிறார்கள், ஆறாத காற்புண்ணோடு. சேற்று வயலில் இறங்கும் விவசாயிக்கு எலிக்காய்ச்சல் வராமல் தடுக்கக் கிழமைக்கு ஒருமுறை போடும் குளிசை போதும். பிந்தி வந்தால் சிறுநீரகம் பழுதாகும். வீட்டில் உழைப்பவர் படுக்கையில். அங்கே கடன் பிறக்கிறது. தாலிக்கொடியை அடகு வைத்திருந்த ஒரு தாய் எம்மிடம் கேட்டார்: "டொக்டர், வீடு கழுவக் காசு தந்தவை. அடகு மீட்க ஆர் தருவினம்?"

அந்தத் தாயின் மூத்த மகள் படிக்கும் வயது. கடன் முற்றும் வீட்டில் முதலில் நிற்பது பெண்பிள்ளையின் படிப்புத்தான். அதனால் இது நம் சங்கத்தின் விடயமும் ஆகிறது.

நூற்றாண்டு நினைவாக ஓர் அலங்கார வளைவு கட்டலாம் என்று யோசனை உண்டு. அதை விரும்பும் அக்காமாரின் அன்பை நாம் மதிக்கிறோம். ஆனாலும் ஒன்று கேட்கிறோம். அந்தப் பணத்தை ஒரு நிலையான வைப்பாக வங்கியில் இடுவோம். வெள்ளம் வந்த கிழமையில் அதைத் தொட வேண்டாம். அப்போது கொடுக்கப் பலர் இருப்பார்கள். மூன்றாம், ஆறாம், பன்னிரண்டாம் மாதங்களில் எடுப்போம். பொருளாக அல்ல, தாயின் கணக்கில் காசாகக் கொடுப்போம். பஸ் சீசன், விடுதிக் கட்டணம், அடகு வட்டி எதற்கு என்று அவரே தீர்மானிக்கட்டும். பெற்றவர்களின் பெயரை எந்தப் பலகையிலும் எழுத வேண்டாம். அவர்கள் நம் தங்கைமார்.

வளைவு இல்லாமலும் நம் பாடசாலையை எல்லோருக்கும் தெரியும். அடுத்த வெள்ளத்துக்குப் பிறகு எந்தக் கதிரையும் ஒரு வருடம் வெறுமையாகக் கிடக்கவில்லை என்றால் நமக்கு அது போதும்.