ஊற வைக்கச் சாராயம் எதற்கு? சர்க்கரையும் தேனும் இருக்கையில்!

ஆடி மாசம் பிறந்துட்டா மேட்டுப்பாளையம் சுற்று வட்டாரத்திலே நாவல் மரத்தடியைப் பார்க்கணுமே! பவானி ஆற்றங்கரையிலும், ஓடை ஓரத்திலும், தோட்டத்து வரப்பிலும் பழம் உதிர்ந்து மண்ணே ஊதா நிறமாகக் கிடக்கும். குழந்தைகள் பொறுக்கித் தின்றது போக, குருவி கொத்தியது போக, மீதி எல்லாம் அழுகி வீணாகிறது. வேலியோரத்துக் களாக்காய்க்கும் இதே கதிதான். பட்டுப்புழுவுக்காக மல்பெரி போட்டிருக்கிறவர்கள் இலையைத்தான் எண்ணுகிறார்கள். பழத்தைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. கார்த்திகை, மார்கழியிலே நெல்லிக்காய் குவிகிறபோது விலை இறங்கிவிடுகிறது.

இந்தப் பழங்களைப் பற்றித்தான் ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "வெளிநாட்டிலே காட்டுப் பழத்தைச் சாராயத்தில் ஊறப்போட்டு, அழகான பாட்டிலில் அடைத்து வைக்கிறார்களாமே. நம்ம வீட்டிலேயும் செய்யலாமுங்களா?"

நல்ல கேள்விதான். இங்கிலாந்து நாட்டிலே வேலி ஓரத்தில் 'ஸ்லோ' என்று ஒரு முள்செடி உண்டு. அதன் பழம் கருநீலமாக, நம்ம களாப்பழம் மாதிரி துவர்ப்பாக இருக்கும். அதைச் சர்க்கரையோடு 'ஜின்' என்ற சாராயத்தில் இரண்டு, மூன்று மாதம் ஊற வைத்து வடித்து எடுப்பார்கள். அங்கே அது பழைய வழக்கம்.

அதிலே சாராயம் செய்கிற வேலை என்ன? இரண்டே வேலைதான். பழத்தின் நிறம், மணம், ருசி மூன்றையும் வெளியே இழுக்கிறது. கெட்டுப்போகாமல் காப்பாற்றுகிறது. இந்த இரண்டு வேலையையும் சர்க்கரை செய்யும், தேன் செய்யும், வினிகரும் செய்யும். அப்படி இருக்க, நாம் சாராயத்தைத் தேடிப் போகவேண்டிய அவசியமே இல்லைங்க.

நம்ம ஊரிலே 'ஊறல்' என்றாலே போலீஸ் ஞாபகம்தான் வரும். அதற்குக் காரணம் இருக்கிறது. 1937-ல் வந்த மதுவிலக்குச் சட்டம் இன்றைக்கும் அமலில் உள்ளது. உரிமம் இல்லாமல் ஊறல் போடுவதும், காய்ச்சுவதும், விற்பதும் குற்றம். 'வீட்டு ஒயின்' என்று நல்ல பேர் வைத்தாலும் சட்டத்துக்கு அது மதுதான். கள்ளக்குறிச்சியில் 2024 ஜூன் மாதம் விஷச் சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் இறந்துபோனதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அதே ஆண்டு சட்டத்தைத் திருத்தித் தண்டனையை இன்னும் கடுமையாக்கிவிட்டார்கள். அந்தச் சாவுகளுக்குக் காரணம் மெத்தனால் என்கிற ஆலைச் சரக்கு. அது உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறி முதலில் கண்ணைப் பறிக்கும், பிறகு உயிரைப் பறிக்கும். வாசனையை வைத்தோ, ருசியை வைத்தோ அதைக் கண்டுபிடிக்க முடியாது. எங்கேயோ வாங்கிய சரக்கில் நம்ம தோட்டத்துப் பழத்தை ஊறப்போட்டு விருந்தாளிக்குக் கொடுப்பது எவ்வளவு பெரிய வினை என்று யோசித்துப் பாருங்கள்.

சரிங்க, இனி செய்முறைக்கு வருவோம்.

முதலாவது, நாவல் பழப் பானம். நன்றாகக் கனிந்த பழம் சுமார் இரண்டு கிலோ எடுத்துக் கழுவி, கொட்டை உடையாமல் கையால் பிசைந்துகொள்ளுங்கள். கொஞ்சம் தண்ணீர் சேர்த்து மெதுவாகச் சூடு காட்டவேண்டும். கொதிக்க விடக்கூடாது, கை பொறுக்காத சூடு வந்தால் போதும். தோலில் உள்ள நிறமெல்லாம் சாற்றில் இறங்கிவிடும். மெல்லிய துணியில் வடிகட்டி ஒரு லிட்டர் சாறு எடுங்கள். தனியாக ஒரு லிட்டர் தண்ணீரில் ஒன்றே முக்கால் கிலோ சர்க்கரையும், 20 கிராம் சிட்ரிக் அமிலமும் போட்டுக் காய்ச்சி, வடிகட்டி, ஆறவிடுங்கள். ஆறிய பிறகே சாற்றைக் கலக்கவேண்டும். சூட்டோடு கலந்தால் மணம் போய்விடும்.

மாதக்கணக்கில் வைக்கவேண்டுமானால் இந்த அளவுக்கு 2 கிராம் சோடியம் பென்சோயேட்டை ஒரு கரண்டி வெந்நீரில் கரைத்துச் சேர்க்கவேண்டும். இதிலே கண் அளவு, கை அளவு உதவாது. சின்ன எலக்ட்ரானிக் தராசு வைத்து நிறுத்துத்தான் போடணும். எலுமிச்சைப் பானத்துக்குப் போடுகிற பொட்டாசியம் மெட்டாபைசல்பைட்டை நாவலுக்குப் போடாதீர்கள். அது ஊதா நிறத்தை வெளுக்கச் செய்துவிடும். நாவல், களா, மல்பெரி போன்ற நிறமுள்ள பழங்களுக்கு எல்லாம் பென்சோயேட்தான் ஏற்றது.

பாட்டில்களை 20 நிமிஷம் தண்ணீரில் கொதிக்கவைத்து, கவிழ்த்து ஈரம் போக உலர்த்தி, மேலே ஒரு அங்குலம் இடம் விட்டு நிரப்புங்கள். குடிக்கும்போது ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர்.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லியாகணும். நாவல் சர்க்கரை நோய்க்கு நல்லது என்று நம்ம பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. ஆனால் இந்தப் பானத்தில் ஏறக்குறைய பாதி சர்க்கரை. நோயுள்ளவர்கள் மருந்து என்று நினைத்து இதைக் குடித்தால் விபரீதமாகிவிடும். விற்கிறவர்களும் அப்படிச் சொல்லி விற்கக்கூடாது.

இரண்டாவது, தேன் நெல்லி. நெல்லிக்காயை அப்படியே தேனில் போட்டு, நாலு நாளில் நுரைத்துப் புளித்துவிட்டது என்று பல தாய்மார்கள் வருத்தப்படுகிறார்கள். காரணம் இதுதான். நெல்லிக்காய்க்குள் இருக்கிற தண்ணீர் வெளியே வந்து தேனை இளக்கிவிடுகிறது. கெட்டியான தேனில் ஈஸ்ட் என்கிற நுண்ணுயிர் வளராது. இளகிய தேனில் நன்றாக வளரும். அதனாலே தேனில் போடும் முன்னே காயில் இருக்கிற தண்ணீரை இறக்கிவிடவேண்டும்.

ஒரு கிலோ நெல்லியை முள்கரண்டியால் நாலா பக்கமும் குத்தி, லிட்டருக்கு 20 கிராம் உப்புப் போட்ட தண்ணீரில் ஒரு நாள் வையுங்கள். துவர்ப்பு குறையும். மறுநாள் கழுவி, ஐந்து நிமிஷம் ஆவியில் வேகவைத்து, ஒரு கிலோ சர்க்கரையோடு அடுக்கடுக்காகப் போட்டு மூடுங்கள். ஒரு நாளில் சர்க்கரை தானாக நீர்விட்டுப் பாகாகும். காயை எடுத்துவிட்டு, பாகை மட்டும் கொஞ்சம் சுண்டக் காய்ச்சி, ஆறியபின் காயை மறுபடி போடுங்கள். இப்படி மூன்று நாள். மூன்றாம் நாள் பாகு கம்பிப் பதத்துக்கு வந்திருக்கவேண்டும். முதல் நாளே கெட்டிப் பாகில் போட்டால் காய் சுருங்கி வற்றிப்போகும். படிப்படியாக ஏற்றினால்தான் உருண்டையாக நிற்கும். பிறகு பாகை வடித்துவிட்டுக் காயை நல்ல தேனில் மூழ்க வையுங்கள். வடித்த பாகை வீணாக்க வேண்டாம், சர்பத்துக்கு ஆகும்.

மூன்றாவது, வினிகரில் ஊறவைப்பது. சாராய ஊறலுக்கு ரொம்பக் கிட்டத்தில் இருக்கிற முறை இதுதான். நன்றாகக் கறுத்த மல்பெரிப் பழத்தை லேசாக நசுக்கிப் பீங்கான் ஜாடியில் போட்டு, மூழ்கும் அளவு கடை வினிகர் ஊற்றி ஐந்து நாள் மூடி வையுங்கள். தினம் ஒரு தடவை மரக்கரண்டியால் கிளறவேண்டும். பிறகு வடிகட்டி, அளந்து, அதே அளவு சர்க்கரை சேர்த்துக் கரையும் மட்டும் சூடாக்கி ஆறவைத்து பாட்டிலில் அடையுங்கள். அலுமினியப் பாத்திரமோ, இரும்பு மூடியோ கூடாது, அமிலம் அரித்துவிடும். ஒரு பங்குக்கு ஐந்தாறு பங்கு குளிர்ந்த தண்ணீர் ஊற்றிக் குடித்தால், புளிப்பும் இனிப்புமாக வெயில் காலத்துக்குத் தேவாமிர்தமுங்க. நாவலிலும் இதையே செய்யலாம்.

களாக்காய்க்கு ஜெல்லிதான் பொருத்தம். அதிலே பெக்டின் சத்து அதிகமாக இருப்பதால், வேகவைத்துப் பிழியாமல் வடித்த சாற்றில் ஏறக்குறைய சரிபங்கு சர்க்கரை போட்டுக் கொதிக்கவிட்டால் தானே உறைந்துவிடும்.

எந்தப் பாட்டிலாவது நுரைத்தாலோ, மூடி புடைத்தாலோ, திறக்கும்போது புஸ்ஸென்று சத்தம் வந்தாலோ அது புளிக்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். கொதிக்கவைத்துச் சரிக்கட்டப் பார்க்காமல் கீழே கொட்டிவிடுங்கள்.

பழம் எங்கிருந்து எடுப்பது என்பதும் முக்கியம். நம்ம வரப்பு, நம்ம வேலியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் போகக்கூடாது. மேட்டுப்பாளையம் காடு யானைகள் நடமாடுகிற காடு என்று உங்களுக்கே தெரியும். காட்டு நெல்லி, காட்டுத் தேன் போன்ற சிறு வனப்பொருட்களைச் சேகரிக்க 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மலைவாழ் மக்களுக்கு உரிமை தந்திருக்கிறது. அவர்களிடம் நியாய விலை கொடுத்து வாங்கினால் அவர்களுக்கும் பிழைப்பு, நமக்கும் நல்ல சரக்கு.

வீட்டுத் தேவைக்கு மேல் செய்து விற்க நினைக்கிற மகளிர் குழுக்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ளவேண்டும். பழப் பானம் என்றால் சாறு கால் பங்குக்குக் குறையக்கூடாது என்று விதி இருக்கிறது. நான் சொன்ன அளவில் அது சரியாக வரும். செய்த தேதி, சேர்த்த பொருள் எல்லாம் சீட்டில் இருக்கவேண்டும். கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பழம் பதப்படுத்தும் பயிற்சி நடத்துகிறார்கள். ஒருமுறை போய் நேரில் பார்த்துக் கற்றுக்கொண்டால் கை பழகிவிடும்.

பழத்துக்கும் நமக்கும் இங்கே புது உறவு இல்லை. மலைப்பாதையில் பர்லியாறு பழப்பண்ணை 1871-லும், அடிவாரத்தில் கல்லாறு பண்ணை 1900-லும் ஏற்பட்டவை. மங்குஸ்தானும் துரியனும் இந்த மண்ணிலே காய்க்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில் நாவலை மண்ணில் அழுகவிடுவது நியாயமா?

இந்த ஆடியிலே இரண்டு கிலோ பழத்தில் ஆரம்பியுங்கள். வீட்டிலே பாட்டி முதல் பேரன் வரை, சுற்றமும் நட்பும், ஒளிவுமறைவு இல்லாமல் கூடத்தில் உட்கார்ந்து குடிக்கிற பானமாக அது இருக்கட்டும்.