லாரி நின்னா தக்காளி காத்திருக்குமா?



ஜெர்மனியில் ஞாயிறு இரவு 10 மணிவரை ஏழரை டன்னுக்கு மேற்பட்ட சரக்கு லாரி ஓடக்கூடாது. போலந்து லாரியானாலும் நிக்க வேண்டியதுதான். சுவிட்சர்லாந்தில் தினமும் இரவு 10 முதல் காலை 5 வரை தடை. பிரென்னர் கணவாய் வழியில் ஆஸ்திரியா போட்ட தடைகளை எதிர்த்து இத்தாலி 2024-ல் ஐரோப்பிய நீதிமன்றத்துக்கே போனது. வழியோர ஊர்க்காரங்களுக்குத் தூக்கம் வேணும், நல்ல காற்று வேணும். அதை நாம மறுக்கல.

ஆனா ஜெர்மன் சட்டத்திலேயே பால், மீன், இறைச்சி, அழுகும் காய்கனிகளுக்கு விலக்கு எழுதியிருக்கு. யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை.

2022 பிப்ரவரியில் திம்பம் மலைப்பாதையில் இரவுத் தடை வந்தபோது தாளவாடி விவசாயிகள் ரோட்டுக்கு வந்தது எதுக்காக? சாயங்காலம் பறிச்ச காய் விடியுமுன்னே மார்க்கெட் சேரணும். காட்டு மிருகம் அடிபடக்கூடாது, சரி. தடை உத்தரவு எழுதும்போதே அழுகும் விளைபொருளுக்கு விலக்கும் எழுதுங்கள் என்றுதான் கேட்கிறோம்.